ஃபிளைட்டு புகைக்கு யாரு பில்லு கட்டுறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல டிக்கெட் கவுண்டர்ல உக்காந்திருக்கிற ஆளு நான். திருச்சி, சென்னை, மதுரைன்னு ஊருக்குப் போறவங்க, வேலைக்கு சிங்கப்பூர் ஜகார்த்தான்னு பறக்கிறவங்க, பிள்ளையைப் பார்க்க லண்டன் போறவங்க எல்லாரும் வர்ற இடம். கொஞ்ச நாளா டிக்கெட்டு விலையோட சேர்த்து இந்த கார்பன், வரி, சுற்றுச்சூழல் கேள்வியும் கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா இங்க எழுதி வச்சிட்டேன்.

அக்கா, ஃபிளைட்டால உலகம் சூடாகுதுன்னு சொல்றாங்களே, எவ்ளோதான் சூடாகுது?

மனுசங்க விடுற கார்பன் டை ஆக்சைடுல விமானங்களோட பங்கு சுமாரா 2.5 பர்சன்ட். ஒரு கிலோ ஜெட் எண்ணெய் எரிஞ்சா 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும், எண்ணெயில இருக்கிற கார்பன் காத்துல உள்ள ஆக்சிஜனோட சேர்றதால எடை கூடிப் போகுது.

ஆனா அதோட முடியல. மேல 10, 11 கிலோமீட்டர் உயரத்துல பறக்கும்போது பின்னாடி வெள்ளையா ஒரு கோடு விழும் பாத்திருப்பீங்க, அது புகை இல்ல, எஞ்சின்ல வர்ற ஈரமும் கரித்தூளும் சேர்ந்து உறைஞ்ச பனிமேகம். அது சில நேரம் பரவி மணிக்கணக்கா நின்னு, பூமியில இருந்து வெளிய போக வேண்டிய சூட்டைத் தடுத்துடும். நைட்டுல இது ரொம்ப மோசம், ஏன்னா பகல்லயாவது அந்த மேகம் வெயிலைக் கொஞ்சம் திருப்பி அனுப்பும். இதையும் நைட்ரஜன் வாயுக்களையும் சேர்த்துப் பார்த்தா இதுவரைக்கும் நடந்த சூடேற்றத்துல விமானங்களோட பங்கு 3.5-லேருந்து 4 பர்சன்ட் வரைக்கும் போகுதுன்னு விஞ்ஞானிங்க கணக்கு போட்டிருக்காங்க.

இந்த வெள்ளைக் கோடு விஷயத்துல ஒரு நல்ல சேதியும் இருக்கு. எல்லா ஃபிளைட்டும் இதைப் பெருசா செய்யறதில்ல. ஜப்பான் வான்வெளியை வச்சு 2020-ல வந்த ஒரு ஆய்வுல 2 பர்சன்ட் சொச்சம் ஃபிளைட்டுங்கதான் அந்த மேகத்தால வர்ற சூட்டுல 80 பர்சன்டுக்கு காரணம்னு தெரிஞ்சுது. அந்தக் கொஞ்சம் ஃபிளைட்டை உயரம் மாத்தி ஓட்டினா போதும்.

வெறும் 2.5 தானே, அதுக்கா இவ்ளோ கூப்பாடு?

அந்த 2.5-ஐ உலகத்துல உள்ள எல்லாரும் சேர்ந்து விட்டிருந்தா நானும் சும்மா இருந்திருப்பேன். 2018-ஆம் வருஷக் கணக்கை எடுத்து 2020-ல ஒரு ஆய்வு வந்துச்சு, அந்த வருஷம் உலக ஜனத்தொகையில 11 பர்சன்ட் பேருதான் ஃபிளைட்டே ஏறியிருக்காங்க, வெளிநாட்டுக்குப் பறந்தவங்க கூடிப்போனா 4 பர்சன்ட். அதுலயும் அடிக்கடி பறக்கிற 1 பர்சன்ட் பேரு மட்டும் பயணிகள் விமானப் புகையில பாதிக்கு மேல காரணமா இருக்காங்க.

நூறு பேருல 89 பேரு ஏறவே இல்ல. மத்த விஷயத்துல, கரண்ட்டு ஆகட்டும் சமையல் ஆகட்டும், ஏழையும் கொஞ்சமாவது புகை விடுறான், ஃபிளைட்டுல மட்டும்தான் பெரும்பாலானவங்க பங்கு சுத்தமா சைஃபர். அதனாலதான் சின்ன நம்பரா இருந்தாலும் நியாயக் கணக்குல இது பெரிய விஷயம்.

எங்கம்மா ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சிக்குப் போவாங்க. அவங்களும் அந்த ஒரு பர்சன்ட்ல சேர்த்தியா?

இல்லவே இல்ல, தைரியமா அனுப்பி வைங்க. கணக்கு போட்டுக் காட்டுறேன்.

கோலாலம்பூர்ல இருந்து திருச்சி 2,600 கிலோமீட்டருக்கு மேல, நாலு மணி நேரம் போல பறக்கணும். 180 சீட்டு உள்ள சின்ன ஜெட்டுக்கு சுமாரா 10 டன் எண்ணெய் ஆகும்னு வச்சுக்குங்க. பத்தை 3.16-ஆல பெருக்குனா 31, 32 டன் கார்பன், அதை 180 பேருக்குப் பங்கு போட்டா ஆளுக்கு 175 கிலோ, போக வர 350 கிலோ. சீட்டு காலியா போனா ஆளுக்கு இன்னும் கூடும், ஆனா தீபாவளிக்கு முன்னாடி காலி சீட்டு எங்க இருக்கு சொல்லுங்க.

மூணு வருஷத்துக்கு ஒரு தடவைன்னா வருஷத்துக்கு 120 கிலோகூட வராது. அதே வருஷம் லண்டனுக்கு ஒரு தடவை எக்கானமியில போய் வந்தவருக்கு ஒண்ணே முக்கா டன்னுக்கு மேல ஆகும், மாசம் ரெண்டு தடவை ஜகார்த்தா போற மேனேஜரு கணக்கு அதையும் தாண்டும்.

ஒரு விஷயம் சொல்லணும், நம்ம ஆளுங்களுக்கு ஊருக்குப் போறதுங்கிறது ஹாலிடே மட்டும் இல்ல. தாத்தா பாட்டி காலத்துல ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்ட வந்த குடும்பங்க, குலதெய்வம் அங்க, சொந்தம் பாதி அங்க, சாவு சேதி வந்தா மறுநாளே நிக்கணும். இதையும் வார இறுதியில பாலிக்கு பார்ட்டிக்குப் போறதையும் ஒரே தட்டுல வச்சு "பறக்காதே"ன்னு சொல்றவங்களோட எனக்கு ஒத்துப்போகாது.

அப்போ மலேசியாக்காரங்க நாமெல்லாம் சுத்தம், தப்பெல்லாம் வெள்ளைக்காரங்க மேலன்னு சொல்லலாமா?

அதுவும் முடியாது லா. மலேசியாவுல ஆளுக்கு வருஷத்துக்கு 8 டன் போல கார்பன் டை ஆக்சைடு, இந்தியாவுல 2 டன் போலதான். கார், ஏர்கான், நிலக்கரி கரண்ட்டு எல்லாம் சேர்ந்து நாம உலக சராசரிக்கு மேல இருக்கோம். ஊர்ல இருக்கிற நம்ம சொந்தக்காரங்க பாதிப் பேரு வாழ்நாள்ல ஃபிளைட்டை வானத்துல மட்டும் பாத்தவங்க. ஏழை நாடுன்னு சொல்லி ஒதுங்கிக்க நமக்கு இடம் இல்ல, பணக்கார நாடுன்னு சொல்லி மொத்தப் பழியையும் வாங்கிக்கணும்னும் இல்ல, நடுவுல நிக்கிறோம்.

பிசினஸ் கிளாஸ்ல போனா என்ன, அதே ஃபிளைட்டு அதே எண்ணெய்தானே?

இதை என்கிட்ட கேட்டவரு பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுதான் வாங்க வந்திருந்தாரு! ஃபிளைட்டு ஒண்ணுதான், ஆனா இடம் ஒண்ணு இல்ல. படுக்கிற மாதிரி ஒரு சீட்டு போடுற இடத்துல மூணு நாலு எக்கானமி சீட்டு போட்டுடலாம். அதனால இடத்தை வச்சுப் பங்கு பிரிக்கும்போது பெரிய சீட்டுக்காரருக்கு, விமானத்தைப் பொறுத்து, எக்கானமிக்காரரை விட ரெண்டரை மடங்குலேருந்து நாலு மடங்குக்கு மேலயும் புகை சேருது. அந்த முன்பக்க சீட்டுங்கதான் கம்பெனிக்கு லாபம், பின்னாடி உக்காந்திருக்கிற நம்ம டிக்கெட்டு மலிவா இருக்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்ங்கிறதையும் மறைக்க மாட்டேன்.

பிரைவேட் ஜெட்டுதானே பெரிய குத்தவாளி?

ஆளுக்கு ஆள் பாத்தா ஆமா, மொத்தத்துல பாத்தா இல்ல. 2023-ல பிரைவேட் ஜெட்டுங்க 15.6 மில்லியன் டன் கார்பன் டை ஆக்சைடு விட்டிருக்கு, 2019-ஐ விட 46 பர்சன்ட் கூட. அதுல ஏர்றவங்க உலகம் பூரா ரெண்டரை லட்சம் பேரு போலதான். பாதிக்குக் கிட்ட பயணங்க 500 கிலோமீட்டருக்குள்ள. சிலது ஆளே இல்லாம ஜெட்டை இன்னொரு ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்துற ட்ரிப்பு.

ஆனா மொத்தப் பயணிகள் விமானப் புகையோட வச்சுப் பாத்தா இது 2 பர்சன்ட்கூட வராது. நடிகர், பணக்காரரு ஜெட்டைக் காட்டித் திட்டிட்டு அந்தப் பக்கம் கம்பெனி காசுல வாராவாரம் பறக்கிறதை மறந்துடுறோம், உண்மையான எடை அங்கதான் இருக்கு.

டிக்கெட்டுல ஏற்கனவே "டிப்பார்ச்சர் லெவி"ன்னு புடுங்குறாங்களே, அது இதுக்குத்தானே?

பேரு கேட்டா அப்படித்தான் தோணும். 2019 செப்டம்பர் 1-ஆம் தேதியில இருந்து மலேசியாவை விட்டு ஃபிளைட்டுல வெளிய போற ஒவ்வொருத்தரும் கட்டுறது இது. எக்கானமியில ஆசியான் நாட்டுக்கு, அதாவது தென்கிழக்கு ஆசியக் கூட்டமைப்புல உள்ள நாட்டுக்குப் போனா 8 வெள்ளி (ரிங்கிட்), ஆசியானுக்கு வெளிய போனா 20 வெள்ளி. எக்கானமிக்கு மேல உள்ள கிளாஸ்ல ஆசியானுக்கு 50, வெளிய 150. உள்நாட்டுல சுத்திப் பாக்கட்டும்னு கொண்டு வந்தது, கார்பனுக்காக இல்ல.

ஆனா எனக்கு இந்த வரி புடிச்சிருக்கு, ஏன்னா பெரிய சீட்டுக்குப் பெரிய வரின்னு நம்ம நாட்டுலயே ஏற்கனவே எழுதி வச்சிட்டாங்க. இது முடியாது அது நடக்காதுன்னு சொல்றவங்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

குறை எங்க இருக்குன்னா, கோடு போட்ட இடத்துல. மணிலா கோலாலம்பூர்ல இருந்து 2,500 கிலோமீட்டர், சென்னை 2,600 சொச்சம், கிட்டத்தட்ட ஒரே தூரம். மணிலாவுக்கு 8 வெள்ளி, சென்னைக்கு 20. அதே 20 வெள்ளியில லண்டனுக்கும் போகலாம், 10,000 கிலோமீட்டருக்கு மேல! ஊருக்குப் போற பாட்டியும் லண்டன்ல ஷாப்பிங் போறவரும் ஒரே காசு கட்டுறாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை போறவருக்கும் முப்பது தடவை போறவருக்கும் தடவைக்கு அதே காசு. தூரத்தையும் தடவையையும் பாத்து இதைத் திருத்தி எழுதினா பாதி நியாயம் வந்துடும்னு நான் நினைக்கிறேன்.

ஃபிளைட்டு எண்ணெய்க்கு உலகத்துல எங்கயும் வரி இல்லையாமே, நிஜமா?

வெளிநாட்டு ஃபிளைட்டுக்கு பெரும்பாலும் இல்ல. 1944-ல சிகாகோவுல நாடுங்க உக்காந்து ஒரு ஒப்பந்தம் போட்டாங்க, போர் முடியற நேரம், விமானத் தொழில் வளரணும்னு. ஒரு நாட்டுக்கு வந்து இறங்குற விமானத்தோட டேங்குல ஏற்கனவே இருக்கிற எண்ணெய்க்கு அந்த நாடு வரி போடக்கூடாதுன்னு அதுல 24-ஆவது பிரிவு. புதுசா ஊத்துற எண்ணெய்க்கு அந்தப் பிரிவு தடை சொல்லல, ஆனா பின்னாடி நாட்டுக்கு நாடு போட்டுக்கிட்ட ஆயிரக்கணக்கான ஒப்பந்தங்கள்ல அதையும் சேர்த்து விட்டுட்டாங்க. எண்பது வருஷம் ஆச்சு, பச்சைப் புள்ளையா இருந்த தொழில் வளர்ந்து பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் பால்புட்டி போகல.

ஐரோப்பாவுல இதைச் சொல்லும்போது "காருக்கு எண்ணெய் போடுறவன் வரி கட்டுறான், ஃபிளைட்டு கட்டல"ன்னு சொல்லுவாங்க. அந்த வாதத்தை அப்படியே இங்க தூக்கிட்டு வர முடியாது, நம்மூர்ல பெட்ரோலுக்கே அரசாங்கம் மானியம் கொடுக்குது. இங்க கேக்க வேண்டிய கேள்வி வேற, மானியத்தை ஆள் பாத்துக் கொடுக்கணும்னு இவ்ளோ வருஷம் பேசினோமே, வரி விலக்கையும் ஆள் பாத்துக் கொடுக்கலாமே?

கோர்சியான்னு ஒண்ணு இருக்காமே, அது என்ன?

1997-ல கியோட்டோ ஒப்பந்தம் போடும்போது வெளிநாட்டு ஃபிளைட்டு புகை எந்த நாட்டுக் கணக்குல சேர்றதுன்னு முடிவாகல, ஏறின நாடா இறங்கின நாடா கம்பெனி நாடான்னு சண்டை, கடைசியில மான்ட்ரியல்ல இருக்கிற ஐநா விமான அமைப்பான இக்காவோ பாத்துக்கட்டும்னு தள்ளி விட்டாங்க. அவங்க 2016-ல கொண்டு வந்ததுதான் கோர்சியா. புகையைக் குறைன்னு இது நேரடியா சொல்லாது. 2019-ல விட்ட அளவுல 85 பர்சன்டுக்கு மேல மொத்தமா எவ்ளோ கூடுதோ, அதுக்கு கம்பெனிங்க கார்பன் கிரெடிட், அதாவது வேற எங்கயோ புகையைக் குறைச்சதுக்குக் கொடுக்கிற சீட்டு, வாங்கிக் காட்டணும். 2026 வரைக்கும் விருப்பப்பட்ட நாடுங்க மட்டும், 2027-லேருந்து பெரும்பாலான நாடுங்களுக்குக் கட்டாயம்.

நம்ம ஆளுங்க கவனிக்க வேண்டியது, ரெண்டு பக்க நாடும் சேர்ந்திருந்தாதான் அந்த ரூட்டு கணக்குல வரும். மலேசியா முதல்லயே சேர்ந்துடுச்சு, இந்தியா 2027-லதான் வருது. அதனால கோலாலம்பூர் திருச்சி, பினாங்கு சென்னை மாதிரி ரூட்டெல்லாம் அதுவரைக்கும் கோர்சியாவுக்கு வெளிய.

வந்தா டிக்கெட் விலை ஏறிடுமான்னு பயப்படாதீங்க. ஒரு டன் கிரெடிட் 20 அமெரிக்க டாலர்னு வச்சுக்குவோம், உங்க 350 கிலோ முழுசுக்கும் வாங்கினாலே 7 டாலர், கூடுதல் அளவுக்கு மட்டும்னா ஒரு டாலர் சொச்சம். லக்கேஜ் காசை விட கம்மி. இவ்ளோ மலிவா இருக்கிறதே எனக்கு இடிக்குது, வலிக்காத பில்லு யாரையும் திருத்தாது.

அந்த கிரெடிட்டுல மரம் நடுவாங்கதானே, நல்லதுதானே?

நட்டா நல்லதுதான். நிறைய கிரெடிட்டு மரம் நட்டு வர்றது இல்ல, "இந்தக் காட்டை வெட்டியிருப்போம், வெட்டல"ன்னு சொல்லி வர்றது. வெட்டியிருப்பாங்களான்னு யாரு சாட்சி? 2023-ல சயின்ஸ் இதழ்ல வந்த ஆய்வு பெரும்பாலான அந்த மாதிரி காட்டுத் திட்டங்க காடழிப்பைப் பெருசா குறைக்கலன்னு சொல்லிடுச்சு. புக் பண்ணும்போது சின்னதா ஒரு டப்பா வரும், கூட ரெண்டு வெள்ளி கொடுத்தா உங்க பயணம் பசுமைன்னு. டிக் போடணும்னா போடுங்க, ஆனா கணக்கு தீந்துச்சுன்னு மட்டும் நினைச்சுடாதீங்க.

மாமாக் கடை பழைய எண்ணெயில ஃபிளைட்டு ஓடப் போகுதாமே?

ஓட ஆரம்பிச்சாச்சு, கொஞ்சூண்டு. சாஃப்னு சொல்றாங்க, பொரிச்ச எண்ணெய், செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவு, மாட்டுக் கொழுப்பு மாதிரி கழிவுல இருந்து செய்யற ஜெட் எண்ணெய். சாதா எண்ணெயோட கலந்து ஊத்துனா எஞ்சினை மாத்த வேண்டியதில்ல, கழிவுல இருந்து செஞ்சா, செய்யறதுலேருந்து எரிக்கிற வரைக்கும் முழுக் கணக்குல 80 பர்சன்ட் வரைக்கும் கார்பன் குறையும். 2024-ல உலகம் பூரா ஒரு மில்லியன் டன் போல செஞ்சாங்க, அது மொத்த ஜெட் எண்ணெயில 0.3 பர்சன்ட். விலை சாதா எண்ணெயை விட ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல.

ஐரோப்பாவுல 2025-லேருந்து 2 பர்சன்ட் கலந்தே ஆகணும், 2050-ல 70 பர்சன்ட். சிங்கப்பூரு 2026-ல 1 பர்சன்ட்ல ஆரம்பிக்கிறோம், காசை டிக்கெட்டுல சின்ன வரியா வாங்குறோம்னு 2024-லேயே அறிவிச்சிடுச்சு. மலேசியாவோட 2023 எரிசக்தி மாற்றத் திட்டத்துல 2050-க்குள்ள 47 பர்சன்ட்னு போட்டிருக்கு, ஜோகூர் பெங்கராங்குல இதுக்குன்னு ஆலையும் 2028-ஐக் குறி வச்சு வருது.

இதுல நம்ம நாட்டுக்கு யோகமும் இருக்கு வில்லங்கமும் இருக்கு. செம்பனை நம்ம கையில, ஆனா காடழிப்புப் பயத்துல ஐரோப்பா செம்பனை எண்ணெயில செஞ்ச சாஃபைக் கணக்குல எடுத்துக்காது, ஆலைக் கழிவுன்னா ஓகே. அப்புறம் இன்னொண்ணு, ஒரு கிலோ பாக்கெட்டு சமையல் எண்ணெய் மானியத்துல 2 வெள்ளி 50 சென்னுக்கு கிடைக்குது, பொரிச்ச பழைய எண்ணெய்க்கு வெளிநாட்டுல அதை விட நல்ல விலை கிடைச்சா என்ன நடக்கும்? புது எண்ணெயையே பழசுன்னு சொல்லி விக்கிறதுக்கு ஆசை வரும், ஏழைக்குக் கொடுத்த மானியம் பணக்காரன் ஃபிளைட்டு டேங்குல போய் விழும். கண்காணிப்பு இல்லாம சாஃப் சாஃப்னு குதிக்கிறவங்களை நான் கொஞ்சம் சந்தேகமாத்தான் பாப்பேன். அதோட எவ்ளோ பொரிச்சாலும் உலகத்துல அவ்ளோ பழைய எண்ணெய் கிடையாது.

கரண்ட்டுல ஓடுற ஃபிளைட்டு எப்ப வரும்?

குட்டி விமானம் வரும், திருச்சிக்குப் போறது வராது. ஒரு கிலோ ஜெட் எண்ணெயில இருக்கிற சக்தி ஒரு கிலோ பேட்டரியில இருக்கிறதை விட நாப்பது மடங்கு போல. ஹைட்ரஜன் விமானம் 2035-ல விடுறோம்னு சொன்ன ஏர்பஸ் 2025-ல அதைத் தள்ளிப் போட்டாச்சு.

சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் எதுக்கு ஃபிளைட்டு, ரயில்ல போகலாமே?

பினாங்குக்குப் போகலாம், கண்டிப்பா போகணும். கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ் மின்சார ரயிலு ஏறினா நாலு மணி நேரம் சொச்சத்துல பட்டர்வொர்த், அங்க இறங்கி ஃபெர்ரி புடிச்சா ஜார்ஜ்டவுன், லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போயிடலாம். ஃபிளைட்டு ஒரு மணி நேரம்தான், ஆனா ஏர்போர்ட்டு சிப்பாங்குல, அங்க போய் செக்கின் பண்ணி பினாங்கு ஏர்போர்ட்டு இருக்கிற பாயான் லெப்பாஸ்ல இறங்கி டவுனுக்கு வர்றதுக்குள்ள அதே நேரம் ஆயிடும். நம்ம கரண்ட்டுல பெரிய பங்கு நிலக்கரிதான், அப்படி இருந்தும் ரயிலுக்குப் புகை கம்மி.

சிங்கப்பூரு கதை வேற. 2018 வாக்குல உலகத்துலயே பிசியான வெளிநாட்டு ரூட்டு கோலாலம்பூர் சிங்கப்பூருதான், வருஷத்துக்கு 30,000 ஃபிளைட்டுக்கு மேல, 300 கிலோமீட்டர் தூரத்துக்கு! அதுக்கு மாத்தா 350 கிலோமீட்டர் அதிவேக ரயிலு, தொண்ணூறே நிமிஷம்னு 2016 டிசம்பர்ல ரெண்டு நாடும் கையெழுத்து போட்டாங்க, 2020 கடைசியோட அது செத்துப் போச்சு, மலேசியா 102.8 மில்லியன் சிங்கப்பூர் டாலர் நஷ்ட ஈடு கட்டுச்சு. திரும்பவும் பேசுறாங்க பேசுறாங்க, பேசிக்கிட்டே இருக்காங்க. ஃபிரான்சுல 2023-ல ரயில்ல ரெண்டரை மணி நேரத்துக்குள்ள போற இடத்துக்கு உள்நாட்டு ஃபிளைட்டை நிறுத்தினாங்க, அவங்களால முடிஞ்சதுக்குக் காரணம் ரயிலு முன்னாடியே இருந்துச்சு. ரயிலு போடாம பறக்காதேன்னு சொல்றது சாப்பாடு போடாம பந்தியில உக்காரவைக்கிற மாதிரி.

அந்தக் காலம் மாதிரி கப்பல்ல ஊருக்குப் போனா என்ன?

பெரியவங்க எல்லாரும் கேக்குறது! ரஜூலா கப்பல், அதுக்குப் பின்னாடி எம்.வி. சிதம்பரம், மெட்ராசு, நாகப்பட்டணம், பினாங்குன்னு ஒரு வாரம் போல கடல்ல. 1985 பிப்ரவரியில சிதம்பரம் கப்பல்ல தீ புடிச்சு முப்பது பேருக்கு மேல செத்தாங்க, அதோட அந்தப் பயணமும் முடிஞ்சுது. இப்ப இருக்கிற சொகுசுக் கப்பல்ல போனா புகை கம்மின்னு நினைக்காதீங்க, நீச்சல்குளம் ஏர்கான் எல்லாம் தூக்கிட்டுப் போற அந்தக் கப்பலுங்க ஒரு கிலோமீட்டருக்கு ஆளுக்கு ஃபிளைட்டை விட அதிகமா விடுது. அந்தக் காலத்து மாதிரி சாதா பயணிகள் கப்பல் வந்தா வேற கணக்கு, ஆனா வேலைக்காரங்களுக்கு ஒரு வாரம் லீவு யாரு தருவா?

பறக்காதவங்களுக்கு இதுல என்ன நஷ்டம்?

காத்து ஒரு டிகிரி சூடானா 7 பர்சன்ட் போல கூட ஈரத்தைப் புடிச்சு வைக்கும், கொட்டுறப்ப மொத்தமா கொட்டும். 2021 டிசம்பர்ல ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவுல வீட்டுக் கூரை வரைக்கும் தண்ணி வந்ததை மறந்திருக்க மாட்டீங்க, நம்ம ஜனங்க நிறைய பேரு இருக்கிற இடம், ஃபிரிட்ஜு மெத்தை எல்லாம் ரோட்டுல மலையா கிடந்துச்சு. அதுல எத்தனை பேரு லண்டன் போனவங்க? 2015 டிசம்பர்ல சென்னை வெள்ளத்துல ஏர்போர்ட்டு ஓடுபாதையே தண்ணிக்குள்ள, நாள்கணக்கா மூடிட்டாங்க. பறக்கிறவங்களுக்கு டிக்கெட்டு ரீஃபண்டு வந்துச்சு, குடிசை போனவங்களுக்கு யாரு ரீஃபண்டு கொடுப்பா?

இந்த ஒரு மழைக்கு இந்த ஃபிளைட்டுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது, நானும் சொல்லல. ஆனா சேர்ந்து சேர்ந்து ஏர்ற சூட்டுக்கு யாரு காரணம், யாரு நனையறாங்கன்னு பாத்தா ரெண்டும் வேற வேற ஆளுங்க.

அடிக்கடி பறக்கிறவங்களுக்கு மட்டும் வரி போடலாம்னு சொல்றாங்களே, நடக்குமா?

யோசனை இதுதான், வருஷத்துல முதல் பயணத்துக்கு வரி இல்ல, அடுத்ததுக்குக் கொஞ்சம், அதுக்கடுத்ததுக்கு இன்னும் கூட, இப்படி ஏறிக்கிட்டே போகணும். பிரிட்டன்ல 15 பர்சன்ட் பேரு 70 பர்சன்ட் பயணம் போறாங்கன்னு அரசாங்க சர்வே சொன்னப்ப இந்தப் பேச்சு பெருசாச்சு. இன்னும் எந்த நாடும் செய்யல. 2025 ஜூன்ல ஸ்பெயின் செவில்லால நடந்த மாநாட்டுல ஃபிரான்சு, கென்யா, ஸ்பெயின், பார்படோஸ் மாதிரி சில நாடுங்க பெரிய கிளாசுக்கும் பிரைவேட் ஜெட்டுக்கும் வரி போட்டு ஏழை நாடுங்களுக்கு உதவலாம்னு கூட்டணி அமைச்சிருக்காங்க. அதே 2025-ல சுவீடன் தன்னோட ஃபிளைட்டு வரியையே எடுத்துடுச்சு, ஒரு பக்கம் போடுறான் ஒரு பக்கம் எடுக்குறான்.

முடியாதுன்னு சொல்றவங்க "ஒருத்தர் எத்தனை தடவை பறந்தாருன்னு எப்படி எண்றது"ன்னு கேப்பாங்க. இதுதான் எனக்குச் சிரிப்பு. எத்தனை தடவை பறந்தீங்கன்னு மைல்ஸ் கார்டுல கம்பெனிங்க ஏற்கனவே துல்லியமா எண்ணிக்கிட்டுதான் இருக்கு, நிறைய பறந்தா ஓசி டிக்கெட்டு, லவுஞ்சு, தங்க கார்டு. இமிகிரேஷன்லயும் பாஸ்போர்ட்டுல பதிவு இருக்கு. பரிசு கொடுக்க எண்ணத் தெரியுது, பில்லு கொடுக்க எண்ணத் தெரியாதா?

எனக்கு ஒரே ஒரு பயம், வேலைக்காகப் போய் வர்ற தொழிலாளிங்க, உடம்பு முடியாத அப்பாம்மாவைப் பாக்க அடிக்கடி ஓடுறவங்க இதுல மாட்டிக்கக்கூடாது. அதுக்கு விலக்கு எழுதணும், எழுதினா அதுல ஓட்டை போடுறவங்களும் வருவாங்க, அதெல்லாம் பாத்துச் செய்யற வேலைதான்.

இவ்ளோ பேசிட்டு நீங்களே டிக்கெட்டு விக்கிறீங்களே?

ஆமா, விக்கிறேன். இந்தத் தொழில்ல இருக்கிறதால யாரு எத்தனை தடவை எந்த சீட்டுல போறாங்கன்னு நேர்ல தெரியுது, அதான் பேசுறேன். ஊருக்குப் போறவங்க டிக்கெட்டு விலை எனக்கு எண்ணி எண்ணி சேர்த்த காசுன்னு தெரியும், கம்பெனி கணக்குல புக் பண்றவங்க விலையைக்கூடப் பாக்க மாட்டாங்க.

சரி, திருச்சிக்குப் போகணும், புகை கம்மியா எப்படிப் போறது?

நேர் ஃபிளைட்டு எடுங்க. கொழும்பு, சிங்கப்பூருன்னு மாறிப் போனா ஐம்பது வெள்ளி மிச்சமாகும், ஆனா ஏறும்போதுதான் எண்ணெய் நிறைய குடிக்கும், ரெண்டு தடவை ஏறினா ரெண்டு தடவை குடிக்கும். எக்கானமி போதும். புது விமானம் ஓட்டுற கம்பெனியா இருந்தா நல்லது, நியோன்னு போட்டிருக்கிற ஏர்பஸ்ஸு பழசை விட 15 பர்சன்ட் போல எண்ணெய் கம்மி. ரெண்டு கல்யாணத்துக்கு ரெண்டு தடவை போறதை விட ஒரே தடவை போய் பத்து நாள் கூட தங்கிட்டு வாங்க, லீவு கிடைச்சா.

லக்கேஜைப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. கூட தூக்குற எடையில மணிக்கு 3 பர்சன்ட் போல எண்ணெய் ஆகும், பத்து கிலோ கூட எடுத்தா நாலு மணி நேரத்துக்கு ஒரு கிலோ சொச்சம் எண்ணெய், நாலு கிலோ கார்பன். மைலோவும் பிஸ்கட்டும் தாராளமா கொண்டு போங்க, கிலோவை மட்டும் முன்னாடியே ஆன்லைன்ல வாங்கிடுங்க, கவுண்டர்ல போய் வாங்கினா விலை டபுளு.